ஓரம் வெடிக்காமல் பார்க்கும் உத்தியோகம்

என் உம்மா பொய் சொல்கிறவர் அல்ல. பாதி காதில் விழுந்ததை முழு நம்பிக்கையோடு சொல்கிறவர். நான் வெளிநாட்டில் பீஎச்டி என்ற கலாநிதிப் பட்டம் முடித்துக் கல்முனைக்குடிக்குத் திரும்பி வந்தபோது, "மகள் டொக்டர் ஆகிட்டா, பிளாஸ்மாவிலதான் படிச்சிரிக்கா" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். இரண்டுமே உண்மைதான். சேர்த்துச் சொன்னதில்தான் வில்லங்கம்.

அது மாரிகாலம். வெள்ளம் வடிந்த ஒழுங்கைகளில் நுளம்பு பெருகி, வீட்டுக்கு வீடு டெங்கு. நான் பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் பின்வளவில் இருக்கும் பெண் மகனுடைய இரத்தப் பரிசோதனை அறிக்கையோடு வந்துவிட்டார். பிளேட்லெட் இறங்கியிருக்கிறதாம், பிளாஸ்மா கசியலாம் என்று யாரோ சொன்னார்களாம், நான் அதில்தானே பெரிய படிப்புப் படித்தேன் என்று கேட்டார். பிளாஸ்மா கசிவதைப் பற்றி உலகத்தில் சில நூறு பேருக்குத்தான் என்னளவு தெரியும் என்று அந்தக் கணத்தில் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் என் பிளாஸ்மா பத்துக் கோடி பாகைச் சூட்டில் இருக்கும். அது யாருடைய இரத்தக் குழாயிலும் ஓடாது. பிள்ளையை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். கொண்டுபோனார்கள், பிள்ளை தேறிவிட்டான். அந்தப் பெயர் எனக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு காலையில் கதவைத் திறந்தால் வாசலில் யாராவது ஓர் அறிக்கையோடு நிற்பார்கள். ஒருவர் நீரிழிவு அறிக்கை கொண்டுவந்தார். இன்னொருவர் மாட்டுக்குக் காய்ச்சல் என்றார்.

பொறுக்க முடியாமல் ஒருநாள், உம்மா மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் குந்தி, என் வேலை என்ன என்று முதலிலிருந்து சொன்னேன். வாயுவை மிக அதிகமாகச் சூடாக்கினால் அதிலுள்ள அணுக்கள் உடைந்து, மின்னேற்றம் கொண்ட ஒரு கூழாகும். அதற்கும் பிளாஸ்மா என்றுதான் பெயர். சூரியன் முழுக்க அதுதான். அதை லொறி டியூப் வடிவத்தில் ஓர் இரும்பறைக்குள், சுவரில் படாமல், காந்தத்தால் பிடித்து வைத்திருந்தால் என்றாவது ஒருநாள் அதிலிருந்து மின்சாரம் எடுக்கலாம். சூட்டை நன்றாக ஏற்றினால், பிளாஸ்மாவின் ஓரத்தில் தானாகவே ஒரு மெல்லிய தடுப்பு உண்டாகும். அதன் பிறகு உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாது. எல்லோருக்கும் சந்தோசம். ஆனால் அந்த மெல்லிய ஓரத்தில் அழுத்தம் மலைச்சரிவு போல ஏறும். ஒரு கட்டத்தில் ஓரம் தாங்காது. கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு கை நெருப்பை அள்ளிச் சுவரில் எறியும். பிறகு ஓரம் மறுபடி கட்டும், மறுபடி எறியும். இப்போதுள்ள இயந்திரங்கள் அதைத் தாங்கும். கட்டப்போகும் பெரிய இயந்திரங்களின் சுவரை அது தின்றுவிடும். ஓரம் எப்போது வெடிக்கும், எப்படி வெடிக்காமல் வைக்கலாம் என்று, இப்போதைக்கு எங்கள் மேல்மாடியில் இருந்தபடி, கணினியில் கணக்குப் பார்ப்பதுதான் என் வேலை.

உம்மா கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டார்:

"நீ அந்த நெருப்பக் கண்ணால கண்டிரிக்கியா?"

கெமராவில் கண்டிருக்கிறேன் என்றேன்.

"வெடிக்கிறதயும்?"

"ஓம்."

உம்மா தலையை ஆட்டினார். விளங்கிவிட்டது என்று நான் சந்தோசப்பட்டேன். அதுதான் நான் விட்ட பிழை.

அந்த வெள்ளிக்கிழமை சாய்ந்தமருதில் ஒரு கலியாணம். பெண்கள் பகுதியில், பிரியாணிச் சகனை, எல்லோரும் சேர்ந்து உண்ணும் அந்தப் பெரிய தட்டை, சுற்றி இருந்த இடத்தில், யாரோ ஒரு பெண் உம்மாவிடம் பித்தப்பை அறிக்கையைப் பற்றி விசாரித்திருக்கிறார். உம்மா கோபத்தோடு, என் மகள் இரத்த டொக்டர் இல்லை, அவ சூரியனை வெடிக்க வைக்கிற டொக்டர், வீட்டு மேல்மாடியிலிருந்துதான் செய்கிறா என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டார். சூரியனைப் படைப்பது அல்லாஹ்வுடைய வேலையல்லவா என்று இன்னொரு பெண் கேட்டாராம். படைக்கவில்லை, வெடிக்கத்தான் வைக்கிறா என்று உம்மா திருத்தினாராம்.

எங்கள் கரையில் வெடி என்ற சொல்லை அப்படிச் சத்தமாகச் சொல்லக் கூடாது. தேவாலயங்களில் குண்டு வைத்த அந்த ஏப்ரலுக்குப் பிறகு இந்தப் பக்கத்து வீடுகளில் மனிதர்கள் எதையெதையெல்லாம் ஒளித்தார்கள், எதையெதைக் கிணற்றில் போட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வருடங்கள் போய்விட்டன. சாப்பாடு, கலியாணம், கிரிக்கெட் எல்லாம் பழையபடிதான் நடக்கின்றன. ஆனால் அந்த ஒரு சொல் மட்டும் வாய்க்குள்ளேயே இருக்கும்.

காக்கா, என் மூத்த சகோதரன், அன்று மாலையே கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்தான். அவனுக்குக் கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் போன் கடை. சந்தையில் மூன்று பேர் அவனிடம் தங்கச்சி குண்டு விசயமாகவா படித்தா என்று கேட்டிருக்கிறார்கள். மூன்றாவது ஆள் அவனுடைய மாமனார்.

"உனக்கு வேற ஒரு சொல் இல்லியா புள்ள?" என்றான். "இங்கிலீசில எதையும் சொல்லு. தமிழில இந்தச் சொல்ல உடு."

ஆங்கிலத்தில் இன்னும் மோசம் என்று சொன்னேன். நாங்கள் ஒவ்வொரு பரிசோதனையையும் 'ஷொட்', அதாவது சூடு, என்போம். ஓரத்துக்குள் உறைந்த வாயுவை உருண்டையாகச் சுடுவோம், அதைப் 'பெலட்', அதாவது சன்னம், என்போம். இத்தனையையும் நான் மேல்மாடியில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எனக்கே என் குரல் கேட்காமல் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தேன். காக்கா கண்ணை மூடிக்கொண்டான். பிறகு, ஏப்பம் என்று சொல்லலாமே என்றான். நன்றாகத் தின்ற வயிறு ஏப்பம் விடுவது மாதிரித்தானே.

அது மோசமான பெயர் அல்ல. எங்கள் துறை வைத்திருக்கும் பெயர் அதைவிட நீளம், அதைவிட ஒன்றும் விளக்குவதுமில்லை.

பரிசோதனை நாள் அதற்கடுத்த வாரம் வந்தது. விசா வரும்வரை வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று ஆய்வுகூடம் அனுமதித்திருந்தது. இயந்திரம் ஐரோப்பாவில் இருந்தது, நான் கல்முனைக்குடியில் இருந்தேன். அவர்களுக்குக் காலை, எங்களுக்குப் பகல் லுஹர் தொழுது முடிந்த நேரம். ஒரு ஷொட் பத்து இருபது வினாடிதான் நிற்கும். அடுத்ததற்கு இயந்திரம் குளிரும் இடைவெளிக்குள் நான் தரவைப் பார்த்து, கணக்கோடு ஒப்பிட்டு, அடுத்ததில் எதை மாற்றலாம் என்று சொல்ல வேண்டும்.

ஓரத்தை அடக்க ஒரு வழி உண்டு. இயந்திரத்தின் உட்சுவரில் சில கம்பிச் சுருள்களைப் பொருத்தி, அவற்றால் ஓரத்தின் காந்தப்புலத்தை ஒள்ளுப்பம், ஒரே ஒரு துளி, குழப்பிவிட்டால், ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், வெடிக்காது. எல்லா நிலைமையிலும் இது வேலை செய்வதில்லை. சரியான அடர்த்தி, சரியான புலம் எல்லாம் ஒன்றாகச் சேரும் ஒரு சின்ன இடைவெளியில்தான் வேலை செய்யும். அந்த இடைவெளி எங்கே இருக்கிறது என்பதில் எனக்கும் எங்கள் குழுவிலுள்ள ஒரு ஜெர்மன்காரருக்கும் தகராறு. அவர் சுருளின் வலுவைக் கூட்டினால் போதும் என்றார். பிளாஸ்மாவின் அடர்த்தியைக் குறைக்காமல் எவ்வளவு கூட்டியும் பலனில்லை என்பது என் கணக்கு. அவர் மூத்தவர், பார்ப்பதற்கும் எடுப்பானவர், குரலும் கனமானது. அன்றைக்கு எல்லா ஷொட்டும் அவருக்கு. கடைசி ஒன்று மட்டும், நேரம் மிஞ்சினால், எனக்கு.

பின்னேரம்வரை அவருடைய ஷொட்கள் ஒவ்வொன்றாகப் போயின. திரையில் ஒரு சிவப்புக் கோடு ஓடும். ஒவ்வொரு வெடிப்புக்கும் அதில் ஒரு முள் எழும். சுருளைப் போட்டதும் முட்கள் குட்டையாயின, நிற்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். ஆய்வாளர் அப்படிச் சந்தோசப்படக் கூடாது என்று எங்கும் எழுதியிருப்பதாக எனக்குத் தெரியாது.

பின்னேரத் தொழுகைக்கு அசர் பாங்கு சொல்லி முடிந்த சற்றைக்கெல்லாம் காக்கா மேலே ஏறி வந்தான். கடையிலிருந்து அவனைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். கீழே இரண்டு பேர், சாதாரண உடுப்பு, அடையாள அட்டையைக் காட்டினார்கள், உன்னோடு கதைக்க வேண்டுமாம் என்றான். எந்தப் பிரிவு என்று அவர்கள் தெளிவாகச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. வந்தவர்கள் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போகலாம், அல்லது மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போகலாம், அல்லது என்னையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். மூன்றும் எங்களுக்குத் தெரிந்த வீடுகளில் நடந்தவை. இணைப்பின் அந்தப் பக்கத்தில் எங்கள் குழுத் தலைவி, வயதான ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, கடைசி ஷொட்டுக்கான அடர்த்தியை உறுதிப்படுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். பொலிஸ் வந்திருக்கிறது, நான் என்ன செய்கிறேன் என்று தெரிய வேண்டுமாம் என்று சொன்னேன். எங்களுக்குப் பணம் தருகிறவர்களும் அதைத்தான் பல வருடமாகக் கேட்கிறார்கள், நல்ல விடை கிடைத்தால் எனக்கும் அனுப்பு என்றார் அவர். பிறகு குரலை மாற்றி, நீ பத்திரமாக இருக்கிறாயா, ஷொட்டை விட்டுவிடவா என்று கேட்டார்.

விட வேண்டாம் என்றேன். அதை நான் ஏன் சொன்னேன் என்று இன்றுவரை முழுதாகத் தெரியாது. பயத்தைவிட அந்த ஜெர்மன்காரர் மேலிருந்த எரிச்சல் பெரிதாக இருந்திருக்க வேண்டும். எண்ணைச் சொல்லிவிட்டு, அவர்களை மேலே கூட்டிவரும்படி காக்காவிடம் சொன்னேன்.

மூத்தவர் சிங்களவர். தமிழ் அரைகுறையாக விளங்கும், பேச வராது. இளையவர் தம்பிலுவில் பக்கத்துத் தமிழர், நெற்றியில் அழிந்தும் அழியாமலும் திருநீறு. பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார்கள். இளையவர் மரியாதையாகத்தான் தொடங்கினார்.

"மிஸ், நீங்க இஞ்ச இருந்து வெடிக்க வைக்கிறீங்க எண்டு ஒரு தகவல். அது உண்மையா?"

"வெடிக்க வைக்கிறல்ல சேர். வெடிக்காமப் பாக்கிறதுதான் என்ட வேல."

"என்ன வெடிக்காம?"

நான் திரையைக் காட்டினேன். கெமராப் படத்தில் பிளாஸ்மாவின் நடு இருட்டாக இருக்கும். சூடு மிகக் கூடிய இடத்தின் ஒளி கண்ணுக்குத் தெரியாது, குளிர்ந்த ஓரம்தான் இளஞ்சிவப்பாகத் தெரியும். இதில் நடுவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஓரம் மட்டும்தான் என் பொறுப்பு என்றேன். சிவப்புக் கோட்டின் முட்களைத் தொட்டு, இவை ஒவ்வொன்றும் வெடிப்பா என்று அவர் கேட்டார். காக்கா கதவடியில் நின்று என்னையே பார்த்தான்.

"ஏப்பம்" என்றேன்.

இளையவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். மூத்தவர் சிரித்துவிட்டார். பிறகு முகம் கழுவ வேண்டும் என்று கீழே குளியலறைக்குப் போனார். திரும்பி வந்தபோது சிரிப்பு இல்லை. இளையவரின் காதில் ஏதோ சொன்னார். இளையவர் காக்காவைப் பார்த்து, வாளித் தண்ணீருக்குள் சீனவெடி இருக்கிறதே, அது என்ன என்று கேட்டார்.

காக்காவின் மகன் பெருநாளுக்கு வாங்கி மிச்சம் வைத்த பட்டாசுக் கட்டு. கேற்றில் ஆட்களைக் கண்டதும் உம்மா ஓடிப்போய் அதை வாளிக்குள் அமுக்கியிருக்கிறார். இப்போது பிளேன்டீத் தட்டோடு மேலே வந்தவர், கேள்வி காதில் விழுந்ததும் அப்படியே நின்றார்.

"நனைஞ்சாத்தானே சேர் வெடிக்காது" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. தட்டில் கோப்பைகள் ஒன்றோடொன்று தட்டிச் சத்தம் போட்டன. இளையவர் எழுந்து தட்டை வாங்கினார். இரிங்கம்மா என்றார். அவர் சொன்ன விதத்தில் அது கட்டளையா, கரிசனையா என்று பிரிக்க முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் அங்கே ஆய்வுகூடத்தில் எண்ணத் தொடங்கினார்கள். கடைசி ஷொட், என்னுடையது. ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் மூன்று, இரண்டு, ஒன்று என்று கேட்டதும் மூத்தவர் தன் கதிரையைப் பின்னால் தள்ளினார். திரையில் இளஞ்சிவப்பு வளையம் எழுந்தது. முட்கள் தொடங்கின. சுருள்களைப் போட்டார்கள். முட்கள் அப்படியே இருந்தன. பிறகு ஒன்றிரண்டு விடுபட்டன. பிறகு கோடு படுத்துவிட்டது. இழுத்துக் கட்டிய நூல் மாதிரி நேராக ஓடியது. அந்தப் பக்க அறையில் கைதட்டினார்கள். ஜெர்மன்காரரும் தட்டினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

"பழுதாகிட்டா மிஸ்?" என்று கேட்டார் இளையவர்.

"இல்ல. ஒண்டும் நடக்கல்ல."

"ஒண்டும் நடக்காததுக்கா கைதட்டுறாங்க?"

"ஓம் சேர். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

அவர் இதையும் மொழிபெயர்க்கத் தொடங்கினார். முடிப்பதற்குள் கோடு ஒரே குதியாகக் குதித்து விழுந்தது, வளையம் அணைந்தது, திரை கறுப்பானது. ஓரத்தை அடக்கிய சுருள்களே உள்ளே பிளாஸ்மாவின் சுழற்சியைப் பிடித்து நிறுத்திவிட்டன. சுழலாத பிளாஸ்மா முழுதாகச் சரிந்துவிடும். அடர்த்தி குறைந்தால் அதற்கு வாய்ப்பு அதிகம் என்று ஜெர்மன்காரர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். இப்போதுதான் வெடித்ததா என்று மூத்தவர் கேட்பதாக இளையவர் சொன்னார். இல்லை, இது மொத்தமாகச் செத்துப்போனது, அது வேறு பிரச்சினை, அதைப் பார்ப்பது வேறு ஆட்களுடைய வேலை என்றேன். அரச உத்தியோகத்தில் இருக்கிறவர்களுக்கு அது உடனே விளங்கியது.

பிறகு பிளேன்டீ குடித்தார்கள். கடவுச்சீட்டைப் பார்த்தார்கள், ஆய்வுகூடத்தின் ஒப்பந்தத்தைப் படம் எடுத்தார்கள். போகும் முன் மூத்தவருக்கு ஒரு கேள்வி இருந்தது. இதால் கறண்ட் பில் குறையுமா, எப்போது குறையும் என்று கேட்கச் சொன்னார். நான் உண்மையைச் சொன்னேன்: என் காலத்தில் சந்தேகம். அவர் பெருமூச்சு விட்டார். ஆபத்தில்லாத ஆள் என்ற முடிவுக்கு அவர் வந்தது அந்தப் பதிலால்தான் என்று நினைக்கிறேன். சில நாள் கழித்து இளையவர் காக்காவுக்கு அழைத்து, மேலே சொல்லிவிட்டோம் அண்ணன், இனி ஒன்றுமில்லை, ஆனால் உம்மாவைக் கலியாண வீடுகளில் கொஞ்சம் குறைத்துக் கதைக்கச் சொல்லுங்கள் என்றாராம்.

அவர்கள் போனதும் கேற்றைப் பூட்டிவிட்டு வந்து நான் படியில் இருந்தேன். கன்னம் வலித்தது. அவர்கள் இருந்த நேரம் முழுக்க நான் சிரித்த முகத்தோடே இருந்திருக்கிறேன். சோதனைச் சாவடியில் நின்று பழகிய எல்லோரிடமும் இருக்கும் சிரிப்பு அது. எத்தனை வருடம் வெளிநாட்டில் இருந்தும் தேயவில்லை. அதை நினைத்து எனக்கு வந்த கோபம் அந்த இரண்டு பேர் மேலும் இல்லை, உம்மா மேலும் இல்லை. யார் மேல் என்று தெரியாததால் காக்காவோடு சண்டை பிடித்தேன். அவனும் அதற்குத்தான் காத்திருந்தவன் போலத் திருப்பிப் பிடித்தான். உம்மா இருவரையும் பொதுவாக ஏசிவிட்டு, ஈரவெடியைத் தென்னையடியில் புதைக்கப் போனார்.

ஜெர்மன்காரரும் நானும் அந்த ஒரு ஷொட்டை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மின்னஞ்சலில் மோதினோம். ஓரம் அடங்கியது என் அடர்த்தியால் என்றேன். பிளாஸ்மா செத்ததும் உன் அடர்த்தியால்தான் என்றார். இரண்டும் சரி என்று தலைவி தீர்ப்புச் சொல்லி, அடுத்த முறை இருவரும் சேர்ந்து இயந்திர நேரத்தில் அரை நாளை எடுத்துக்கொள்ளுங்கள், சத்தம் போடாதீர்கள் என்றார். அதற்குள் என் விசா வந்துவிட்டது.

இந்த முறை நான் இயந்திரம் இருக்கும் கட்டடத்திலேயே, ஜெர்மன்காரருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். நேரில் அவர் குரல் அவ்வளவு கனமில்லை. பிளாஸ்மாவைக் கொஞ்சம் வேகமாகச் சுழலவிட்டு, என் அடர்த்தியில், அவர் சொன்ன வலுவில் சுருளைப் போட்டோம். கோடு படுத்தது. கடைசிவரை எழும்பவில்லை. திட்டமிட்ட வினாடியில் பிளாஸ்மா தானாக, ஒழுங்காக அணைந்தது. நான் திரும்பிப் பார்த்தேன், அறையில் பாதிப் பேர் பகலுணவுக்குப் போயிருந்தார்கள். ஜெர்மன்காரர் தன் சொக்லேட்டில் பாதியை எனக்கு உடைத்துத் தந்தார்.

உம்மாவுக்குப் போன் எடுத்தேன். நான் கணக்குப் போட்டபடியே நடந்தது, ஓரம் அடங்கிவிட்டது என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்றார். அப்படியென்றால் வேலை முடிந்ததுதானே, இனி ஊரோடு வந்துவிடலாமே என்றார். இது சின்ன இயந்திரம் உம்மா, இதையே பெரிய ஒன்றில் செய்து பார்க்க வேண்டும் என்றேன்.

"அந்தப் பெரியது எங்க இரிக்கி?"

"கட்டுறாங்க."

"எப்ப முடியும்?"

"கட்டிக்கிட்டே இரிக்கிறாங்க உம்மா" என்றேன்.